கணக்கேட்டில் அடங்காத எழுத்து: 19ஆம் நூற்றாண்டு ஜார்ஜியாவின் சமூக, பொருளாதார மாற்றங்கள்

ஒரு நாட்டின் பொருளாதார வரலாற்றை அதன் ஏற்றுமதிக் கணக்கைக் கொண்டே எழுதிவிடுவோர் உண்டு. அப்படி எழுதப்புகுந்தால், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கில் உள்ள ஜார்ஜியா மாநிலத்தின் 19ஆம் நூற்றாண்டு வளர்ச்சியின் வரலாறாகவே தோன்றும். காடுகள் வயல்களாயின, இருப்புப்பாதைகள் பரந்தன, கடலோரச் சிற்றூர்களை மட்டுமே அறிந்திருந்த நிலப்பரப்பின் நடுவே அட்லாண்டா என்னும் பெருநகர் எழுந்தது. இவை யாவும் உண்மையே. ஆயினும், அந்நிலம் யாருடையதாக இருந்தது, அதில் உழைத்தவர் யார், அவ்வுழைப்பின் கணக்கை எழுதியவர் யார் என்னும் மூன்று வினாக்களையும் உடன் எழுப்பினால்தான் வரலாறு முழுமை பெறும்.

இவற்றுள் மூன்றாவது வினாவே இக்கட்டுரையில் நம் சிந்தனைக்கு முதன்மையானது. ஏனெனில், எழுதும் உரிமை மறுக்கப்பட்ட மக்களிடையே ஒருவர் அரபு எழுத்தில் ஒரு சுவடியை அம்மாநிலத்தில் விட்டுச் சென்றிருக்கிறார். அச்சுவடியின் கதை, ஜார்ஜியாவின் பொருளாதாரக் கதையிலிருந்து பிரித்துப் பார்க்கத்தக்கதன்று.

தடையில் தொடங்கிய குடியேற்றம்

1733இல் ஜேம்ஸ் ஓகில்தோர்ப் என்பவரின் தலைமையில் ஆங்கிலேயர் சவானா நகரை நிறுவினர். பிற தென்பகுதிக் குடியேற்றங்களுக்கு மாறாக, ஜார்ஜியாவை ஆண்ட அறங்காவலர்கள் 1735இல் அடிமை முறையைத் தடை செய்தனர். சிறு உழவர்கள் தம் கைகளால் உழைத்து வாழும் நாடாக அது அமையவேண்டும் என்பதும், தெற்கே இருந்த ஸ்பானியருக்கு எதிரான அரணாக அது விளங்கவேண்டும் என்பதும் அவர்களின் நோக்கங்கள். அண்டையிலிருந்த தென் கரோலினாவின் நெல் வயல்கள் ஈட்டிய செல்வத்தைக் கண்ட குடியேறிகள் அத்தடையை எதிர்த்து ஓயாது முறையிட்டனர். 1751இல் தடை நீங்கியது.

இந்நிகழ்ச்சி நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. அடிமை முறை அம்மண்ணில் தானாக முளைத்ததன்று. அது வேண்டாம் என்று சட்டம் இருந்த இடத்தில், இலாபத்தை முன்னிட்டு, தெரிந்தே வரவழைக்கப்பட்டது.

அந்த இலாபத்தைப் பன்மடங்காக்கியது ஒரு பொறி. 1793இல் சவானாவுக்கு அருகிலுள்ள மல்பெரி குரோவ் தோட்டத்தில் விருந்தினராகத் தங்கியிருந்த எலி விட்னி, பருத்தியிலிருந்து கொட்டையை நீக்கும் அரைவைப் பொறியை உருவாக்கினார். கடலோரத் தீவுகளில் விளைந்த நீண்ட இழைப் பருத்தியின் கொட்டை எளிதில் பிரியும். உள்நாட்டு மண்ணில் விளையும் குட்டை இழைப் பருத்தியின் கொட்டையோ பஞ்சோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருவர் நாள் முழுதும் கையால் முயன்றாலும் ஒரு பவுண்டு அளவே தூய்மை செய்யமுடிந்த அப்பஞ்சை, இப்பொறி நாளொன்றுக்கு 50 பவுண்டு வரை தூய்மை செய்தது.

உழைப்பைக் குறைக்கும் பொறி உழைப்பாளியின் சுமையையும் குறைத்திருக்கவேண்டும் என்று நாம் எண்ணக்கூடும். நடந்தது நேர்மாறானது. கொட்டை நீக்கும் தடை அகன்றதும், எவ்வளவு விளைவித்தாலும் விற்கலாம் என்ற நிலை பிறந்தது. விதைக்கவும் களையெடுக்கவும் பறிக்கவும் பொறி இல்லை. மனிதக் கைகளே வேண்டியிருந்தன. 1790ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஜார்ஜியாவின் மக்கள்தொகை 82,548. அவர்களுள் அடிமைகள் 29,264. 1860இல் மக்கள்தொகை 10,57,286 ஆக உயர்ந்தபோது அடிமைகளின் எண்ணிக்கை 4,62,198. அடிமைகளின் தொகையில் விர்ஜீனியாவுக்கு அடுத்த இடம் ஜார்ஜியாவுக்கே. மக்களுள் நூற்றுக்கு 44 பேர் மற்றவரின் உடைமையாக இருந்தனர்.

நிலம் கைமாறிய விதம்

பருத்திக்கு நிலம் வேண்டும். நிலமோ கிரீக், செரோக்கி ஆகிய தொல்குடி மக்களிடம் இருந்தது. 1802இல் ஜார்ஜியா தன் மேற்குப் பகுதிகளைக் கூட்டரசிடம் ஒப்படைத்து, அதற்கு ஈடாக 12.5 இலட்சம் டாலரையும், மாநில எல்லைக்குள் தொல்குடிகளின் நில உரிமையை நீக்கித் தருவதாக ஓர் உறுதிமொழியையும் பெற்றது. அவ்வாறு பெறப்பட்ட நிலத்தை 1805 முதல் 1833 வரை எட்டு முறை குலுக்கல் நடத்தி மாநில அரசு வெள்ளையருக்குப் பங்கிட்டது. சீட்டில் பெயர் விழுந்தவர் சிறு கட்டணம் செலுத்தி நிலவுடைமையாளரானார். ஏழை வெள்ளையருக்கு இது வாய்ப்பாக அமைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அந்த வாய்ப்பின் விலையைச் செலுத்தியவர்கள் சீட்டில் பெயர் எழுதவே இடமில்லாதவர்கள்.

செரோக்கிகள் நாகரிகம் அறியாதவர்கள் என்று அந்நாளில் கூறப்பட்ட வாதம் உண்மைக்குப் புறம்பானது. செக்கோயா என்பவர் 1821இல் அம்மொழிக்கென எழுத்து முறை ஒன்றை வகுத்தார். 1827இல் அவர்கள் எழுத்து வடிவிலான அரசியல் சட்டம் ஒன்றை இயற்றினர். 1828இல் தம் தலைநகரான நியூ எக்கோட்டாவிலிருந்து செரோக்கி, ஆங்கிலம் ஆகிய இருமொழிகளிலும் செய்தித்தாள் வெளியிட்டனர். அவ்வாண்டையொட்டி அவர்களின் நிலப்பகுதியில் பொன் கண்டறியப்பட்டதும் ஆயிரக்கணக்கானோர் அங்கே திரண்டனர். 1830இல் கூட்டரசு தொல்குடி அகற்றல் சட்டத்தை நிறைவேற்றியது. செரோக்கி நாட்டில் ஜார்ஜியாவின் சட்டங்கள் செல்லா என 1832இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும் பயனில்லை. அதே ஆண்டில் அந்நிலம் குலுக்கலுக்கு விடப்பட்டது. 1838இல் படைவீரர்கள் மக்களை வீடுகளிலிருந்து வெளியேற்றினர். மேற்கு நோக்கி அகற்றப்பட்ட ஏறத்தாழ 16,000 பேரில் சுமார் 4,000 பேர் மாண்டனர் என்பது பரவலான மதிப்பீடு. அப்பயணத்தை வரலாறு கண்ணீர்ப் பாதை என்று அழைக்கிறது.

எழுத்தறிவும் சட்டமும் செய்தித்தாளும் இருந்தும் ஒரு மக்கள்குழுவால் தன் நிலத்தைக் காத்துக்கொள்ள முடியவில்லை. இதனைக் கருத்தில் இருத்திக்கொண்டு கடலோரத் தீவுகளுக்குச் செல்வோம்.

ஸபெலோ தீவின் பிலாலி

ஜார்ஜியாவின் கடலோரத்தில் உள்ள ஸபெலோ தீவில் தாமஸ் ஸ்பால்டிங் என்பவருக்குப் பருத்தி, கரும்புத் தோட்டங்கள் இருந்தன. மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூத்தா ஜாலோன் பகுதியில், இன்றைய கினி நாட்டிலுள்ள திம்போ என்னும் ஊரில் பிறந்தவர் பிலாலி முஹம்மது. இளமையில் சிறைப்பிடிக்கப்பட்டு, பஹாமாஸ் தீவுகளில் அடிமையாக இருந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸபெலோவுக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கு நூற்றுக்கணக்கான அடிமைகளின் வேலையை மேற்பார்க்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1812இல் தொடங்கிய ஆங்கில - அமெரிக்கப் போரின்போது தீவைக் காக்க அவரிடம் 80 துப்பாக்கிகள் தரப்பட்டன என்று சொல்லப்படுகிறது. அவருடைய பெண்மக்களில் ஒருவர் பெயர் ஃபாத்திமா. மற்றொருவர் பெயர் மதீனா.

அண்மையிலிருந்த செயின்ட் சைமன்ஸ் தீவுப் பகுதியில் ஸாலிஹ் பிலாலி என்னும் இன்னொருவர் இருந்தார். மாஸினா நாட்டைச் சேர்ந்த அவரும் தோட்ட மேற்பார்வையாளரே. அவர் ரமளான் நோன்பை நோற்று வந்ததை அவருடைய உடைமையாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் கூப்பர் எழுதிய கடிதம் பதிவு செய்துள்ளது. அக்கடிதம் 1844இல் அச்சேறியது.

பிலாலி முஹம்மது தம் இறுதிக் காலத்தில், 1850களின் பிற்பகுதியில், ஃபிரான்சிஸ் கோல்டிங் என்னும் கிறித்தவப் போதகரிடம் சிறு சுவடி ஒன்றைக் கொடுத்தார். 13 பக்கங்கள், மக்ரிபி பாணியிலான அரபு எழுத்து. அங்கிருந்தோர் எவராலும் அதைப் படிக்க இயலவில்லை. தோட்ட மேற்பார்வையாளர் எழுதியது ஆகையால் அது அவருடைய நாட்குறிப்பாகவோ தோட்டக் கணக்காகவோ இருக்கவேண்டும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1930களின் இறுதியில் ஜோசப் கிரீன்பெர்க் என்னும் மொழியியலறிஞர் அதன் படியை நைஜீரியாவின் கானோ நகருக்கு எடுத்துச் சென்று அங்குள்ள ஆலிம்களிடம் காட்டினார். அவர்கள் உதவியால் உண்மை வெளிப்பட்டது. அது கணக்கேடன்று. ஹிஜ்ரி 386இல், அதாவது கி.பி. 996இல், மறைந்த இப்னு அபீ ஸைத் அல்-கைரவானியின் அர்-ரிஸாலா என்னும் மாலிகி மத்ஹபின் ஃபிக்ஹ் நூலிலிருந்து நினைவைக் கொண்டு எழுதப்பட்ட பகுதிகளே அதில் பெரும்பாலும் இருந்தன. ஒளு, பாங்கு, தொழுகை ஆகியவை பற்றிய செய்திகள் அதில் இடம்பெற்றிருந்தன.

நம் பகுதி மத்ரஸாக்களில் இளம் மாணவர் குர்ஆன் ஓதக் கற்றபின் தம் மத்ஹபின் சிறு ஃபிக்ஹ் நூல்களை ஓதத் தொடங்குவது போல, மேற்கு ஆப்பிரிக்க மாணவர் ரிஸாலாவை ஓதினர். பிலாலியின் எழுத்தில் பிழைகள் பல உள்ளன. சொற்கள் அவருடைய தாய்மொழியின் ஒலிப்புக்கேற்பத் திரிந்துள்ளன. கல்வி நிறைவடையுமுன் பறித்துச் செல்லப்பட்ட மாணவர் ஒருவர், நூலோ ஆசிரியரோ துணையின்றி, பல பத்தாண்டுகள் கழித்து எழுதினால் அதில் பிழை இருப்பது வியப்பன்று. அவ்வளவும் எஞ்சியிருந்ததே வியப்பு. பிற்காலத்தில் 1930களில் அத்தீவின் முதியோரிடம் திரட்டப்பட்டு 1940இல் வெளியான வாய்மொழிப் பதிவுகளில், பிலாலி மணிமாலை கொண்டு வழிபட்டதும், குறிப்பிட்ட நாட்களில் அரிசி மாவினால் செய்து சிறுவர்களுக்கு வழங்கப்பட்ட ‘ஸரக்கா’ என்னும் பண்டமும் நினைவுகூரப்படுகின்றன. முன்னது தஸ்பீஹ் என்பதும், பின்னது ஸதகா என்னும் சொல்லின் திரிபு என்பதும் நமக்கு எளிதில் புலனாகும்.

இங்கே நாம் நடுநிலை தவறலாகாது. ஃபூத்தா ஜாலோன் தானும் அடிமைகளை வைத்திருந்த, போர்க் கைதிகளைக் கடற்கரை வணிகருக்கு விற்ற நாடே. ஸபெலோவில் பிலாலி வகித்த பதவியும் பிற அடிமைகளின் உழைப்பைக் கண்காணிக்கும் பதவியே. முஸ்லிம்கள் என்பதாலேயே இவ்விருவரையும் குறையற்ற நாயகர்களாகச் சித்திரிப்பது வரலாற்றுக்கும் நன்றன்று, நமக்கும் நன்றன்று. மனிதனை விலைப்பொருளாக்கும் ஓர் அமைப்பு, அதில் சிக்கியவரின் ஆற்றலையும் நேர்மையையும்கூடத் தன் இயக்கத்துக்கே பயன்படுத்திக்கொள்ளும் என்பதே இதிலிருந்து நாம் அறிவது.

இருப்புப்பாதையும் எழுத்துக்குத் தடையும்

1829 டிசம்பரில் டேவிட் வாக்கர் என்னும் கறுப்பினத்தவர் எழுதிய அடிமை எதிர்ப்புச் சிறுநூலின் படிகள் சவானா துறைமுகத்தில் பிடிபட்டன. உடனே ஜார்ஜியா சட்டமன்றம், அடிமைக்கோ விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்கோ எழுதப் படிக்கக் கற்பிப்பதைக் குற்றமாக்கியது. பிலாலி தம் தீவில் உயிருடன் இருந்த காலத்திலேயே இயற்றப்பட்ட சட்டம் இது.

அதே காலத்தில் மாநிலம் புதுமையில் முன்னேறிக்கொண்டிருந்தது. 1836இல் மாநில அரசே ஓர் இருப்புப்பாதையை அமைக்க முடிவு செய்தது. அதன் முனையத்தில் 1837இல் தோன்றிய குடியிருப்பு முதலில் டெர்மினஸ் என்றும், பின்னர் மார்த்தாஸ்வில் என்றும், 1845 முதல் அட்லாண்டா என்றும் பெயர் பெற்றது. 1860இல் மாநிலத்தில் சுமார் 1,400 மைல் இருப்புப்பாதை இருந்தது. ஆண்டுப் பருத்தி விளைச்சல் ஏறத்தாழ 7 இலட்சம் பொதிகள். பாதை அமைக்கும் பணியிலும் அடிமைகள் வாடகைக்கு அமர்த்தப்பட்டனர். ஆக, நவீனப் பொறியும் அடிமை உழைப்பும் அங்கே ஒன்றுக்கொன்று பகையாக நிற்கவில்லை, ஒன்றையொன்று வளர்த்தன.

அடிமை என்பவர் தோட்ட உரிமையாளரின் கடனுக்கு ஈடாகவும் இருந்தார். 1859 மார்ச்சில் பியர்ஸ் பட்லர் என்பவர் தம் கடனை அடைப்பதற்காகச் சவானாவுக்கு அருகில் இரண்டு நாட்கள் ஏலம் நடத்தினார். விற்பனைப் பட்டியலில் ஆடவர், பெண்டிர், குழந்தைகள் என 436 பேர். வசூலான தொகை 3,03,850 டாலர். பெய்த மழையையும் பிரிந்த உறவுகளையும் இணைத்து, அழுகையின் காலம் என்று அம்மக்கள் அதனை நினைவில் வைத்தனர்.

போரும் 40 ஏக்கரும்

1861 ஜனவரி 19இல் ஜார்ஜியா கூட்டரசிலிருந்து விலகியது. அம்மாநிலத்தவரும் தென் கூட்டமைப்பின் துணைத்தலைவருமான அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் அவ்வாண்டு மார்ச்சில் சவானாவில் உரையாற்றுகையில், கறுப்பினத்தவரின் தாழ்நிலையே புதிய அரசின் மூலைக்கல் என்று வெளிப்படையாகவே கூறினார். போரின் விளைவுகள் கடல் கடந்தும் உணரப்பட்டன. அமெரிக்கப் பஞ்சின் வரத்து நின்றுபோக, பம்பாயிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் சென்ற இந்தியப் பஞ்சுக்கு விலை ஏறியது.

1864 செப்டம்பரில் தளபதி ஷெர்மன் அட்லாண்டாவைக் கைப்பற்றினார். நவம்பரில் புறப்பட்டு, டிசம்பரில் சவானாவை அடைந்தார். 1865 ஜனவரி 12இல் அந்நகரில் 20 கறுப்பினச் சமயத் தலைவர்கள் அவரையும் போர் அமைச்சரையும் சந்தித்தனர். அவர்கள் சார்பில் பேசிய கேரிசன் ஃபிரேசியர், தம் மக்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள நிலமே வேண்டும் என்றும், அதைத் தம் உழைப்பால் உழுது வாழ்வோம் என்றும் தெரிவித்தார். நான்கு நாட்களில் ஷெர்மன் ஆணை பிறப்பித்தார். கடலோரத் தீவுகளும் கைவிடப்பட்ட நெல் வயல்களும் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கப்பட்டன. சுமார் 40,000 பேர் குடியேறினர். அவ்வாண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்நிலங்களைப் பழைய உரிமையாளருக்கே மீட்டளிக்கச் செய்தார்.

ஜார்ஜியாவின் பிற்கால வரலாறு பெரிதும் இம்முடிவிலேயே தீர்மானிக்கப்பட்டது என்பது நம் கருத்து. உடல் விடுதலை பெற்றது. அவ்வுடல் நிற்பதற்கு நிலம் கிடைக்கவில்லை.

கடன் என்னும் புதிய தளை

நிலமற்ற உழைப்பாளியும், பணமற்ற நிலக்கிழாரும் வாரச் சாகுபடியில் சந்தித்தனர். நிலம், கோவேறு கழுதை, விதை ஆகியவற்றை உரிமையாளர் தருவார். விளைச்சலில் பாதி உழைப்பவருக்கு. வாரம் ஃபிக்ஹுக்குப் புதிதன்று. முஸாரஆ பற்றி இமாம்கள் வேறுபட்டு நெடிது ஆராய்ந்துள்ளனர். அனுமதித்தோரும் இரு தரப்பின் பங்கும் பொறுப்பும் தெளிவாக இருக்கவேண்டும் என வரையறுத்தனர். ஜார்ஜியாவிலோ, 1872இல் மாநில உச்ச நீதிமன்றம் வாரக்குடியைப் பங்காளியாகக் கொள்ளாமல், விளைச்சலில் கூலி பெறும் வேலையாளாகவே கருதித் தீர்ப்பளித்தது. இழப்பில் பங்கு உண்டு. பயிரின்மீது உரிமை இல்லை.

அறுவடை வரை உண்பதற்கும் உடுப்பதற்கும் ஊர்க் கடைக்காரரிடம் கடன் வாங்கவேண்டும். வரவிருக்கும் விளைச்சலே ஈடு. கடைக்காரர் ரொக்க விலை ஒன்றும் கடன் விலை ஒன்றும் வைத்திருந்தார். மாநில வேளாண் துறையின் 1880களின் விலைப் பதிவுகளைக் கொண்டு பொருளியலறிஞர் ரான்சமும் சட்சும் கணக்கிட்டதில், இவ்விரு விலைகளுக்கும் இடைப்பட்ட வேறுபாடு ஆண்டுக்கு ஏறத்தாழ 60 சதவீத வட்டிக்குச் சமமாக இருந்தது. கடனுக்குப் பருத்தியே பயிரிடவேண்டும் என்பது கடைக்காரரின் நிபந்தனை. ஆகவே சோளம் விளைய வேண்டிய நிலத்திலும் பருத்தி விளைந்தது. உணவையும் கடனுக்கே வாங்க நேர்ந்தது. விளைச்சல் பெருகப் பெருக விலை சரிந்தது. 1894இல் ஒரு பவுண்டு 5 சென்ட்டுக்கும் கீழே சென்றது. 1900இல் மாநிலத்தின் பண்ணைகளில் ஐந்தில் மூன்று பங்கு பிறர் நிலத்தில் பயிரிடுவோரிடம் இருந்தன. அவர்களுள் வெள்ளையரும் பெருந்தொகையினர். குலுக்கலில் நிலம் பெற்றோரின் பேரர்கள் பலர் கடைக்காரரிடம் அந்நிலத்தை இழந்திருந்தனர்.

தவணை விற்பனையில் கூடுதல் விலை சொல்வதை ஃபிக்ஹ் அறிஞருள் பெரும்பாலோர் அனுமதித்தே உள்ளனர். ஆயின் அவ்வனுமதி, விலை தெளிவாகப் பேசி முடிக்கப்படுவதையும், வாங்குவோர் மனம் ஒப்புவதையும் சார்ந்தது. வேறு கடைக்குச் செல்ல வழியற்றவரின் ஒப்புதலை ஒப்புதல் என்று எவரும் கொள்ளார். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது என்பதை நம் வாசகர் அறிவர். எழுதுபவர் நீதியுடன் எழுதவேண்டும் என்றும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்லவேண்டும் என்றும், அவருக்கு இயலாதபோது அவருடைய பொறுப்பாளர் சொல்லவேண்டும் என்றும் அது பணிக்கிறது. எழுதும் ஆற்றல் கடன் கொடுப்பவரிடம் மட்டும் குவிந்துவிடலாகாது என்னும் கவனம் அதில் உள்ளது. ஜார்ஜியாவின் கடைகளில் கடன் கொடுத்தவரே எழுதினார். கடன்பட்டவருக்கு அதைப் படிக்கவும் தெரியாது. 1829ஆம் ஆண்டுச் சட்டம் மறைந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் அதன் பயனைக் கடைக்காரரின் கணக்கேடு அறுவடை செய்துகொண்டிருந்தது.

கடனினும் கொடிய வழியும் இருந்தது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம், குற்றத்துக்குத் தண்டனையாக விதிக்கப்படும் கட்டாய உழைப்பை விலக்கி வைத்தே அடிமைமுறையை ஒழித்தது. அவ்விலக்கைப் பயன்படுத்தி 1868 முதல் 1908 வரை ஜார்ஜியா தன் கைதிகளைத் தனியாருக்கு வாடகைக்கு விட்டது. போர்க்கால ஆளுநராக இருந்த ஜோசப் பிரௌன், தம் நிலக்கரிச் சுரங்கங்களில் அவர்களைக் கொண்டு வேலை வாங்கினார். அக்கைதிகளில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

புதிய தெற்கும் அதன் மக்களும்

நூற்றாண்டின் இறுதியில் அட்லாண்டா இதழாசிரியர் ஹென்றி கிரேடி, ‘புதிய தெற்கு’ என்னும் கருத்தை நாடெங்கும் பரப்பினார். ஆலைகளும் கண்காட்சிகளும் பெருகின. அதே நகரில் 1881 கோடையில் சலவைப் பெண்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். சிலராகத் தொடங்கியோர் சில வாரங்களில் 3,000 பேராயினர். உரிமக் கட்டணமாக 25 டாலர் விதிக்கப்போவதாக நகரமன்றம் அச்சுறுத்தியபோது, கட்டணம் செலுத்துகிறோம், எங்கள் தொழிலின் விலையை நாங்களே வகுத்துக்கொள்கிறோம் என்ற கருத்துப்பட அவர்கள் பதில் எழுதினர். மன்றம் அக்கட்டணத்தைக் கைவிட்டது.

1868இல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கறுப்பின உறுப்பினர்கள் அவ்வாண்டே வெளியேற்றப்பட்டனர். 1870இல் மீண்டும் இடம்பெற்றனர். நிலுவையும் சேர்த்துச் செலுத்தவேண்டிய தலைவரியை 1877ஆம் ஆண்டு அரசியல் சட்டம் வாக்குரிமைக்கு நிபந்தனையாக்கியது. ஏழைகள் வாக்கை இழந்தனர். இத்தனை தடைகளுக்கிடையிலும் கறுப்பின உழவர்கள் சிறுகச் சிறுக நிலம் வாங்கினர். அட்லாண்டா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டு பாய்ஸ் இதனை ஆராய்ந்து 1901இல் வெளியிட்டார். 1874இல் சுமார் 3.4 இலட்சம் ஏக்கராக இருந்த அவர்களின் நிலம், 1900இல் 10 இலட்சம் ஏக்கரைக் கடந்திருந்தது. அவர்கள் நிறுவிய பள்ளிகளும் அவ்வாறே வளர்ந்தன. வரி ஏட்டிலிருந்தே இக்கணக்கை எடுத்துத் தொகுத்தவர் அவ்வினத்தைச் சேர்ந்த ஓர் அறிஞர் என்பது கருதத்தக்கது. எழுதுகோல் இப்போது மறுகைக்கும் வந்திருந்தது.

கட்டாய உழைப்பு அநீதிகளுள் பெரியது என்றும், அநீதி நாகரிகத்தின் அழிவுக்கு வழிகோலும் என்றும் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் விளக்கியுள்ளார். ஜார்ஜியா அழியவில்லையே, வளர்ந்ததன்றோ என்று ஒருவர் வினவலாம். பருத்தியொன்றையே நம்பிய மண் வளமிழந்ததும், உழைப்பவரின் கையில் பணமின்றி உள்ளூர்ச் சந்தை வளராமற்போனதும், நூற்றாண்டின் முடிவில் அம்மாநிலம் நாட்டின் வறிய பகுதிகளுள் ஒன்றாக நின்றதும் அவ்வினாவுக்கு விடையாகும். ஏற்றுமதி வளர்ந்தது, ஏற்றுமதியை விளைவித்தவர் வளரவில்லை.

பிலாலியின் சுவடி இன்று ஜார்ஜியா பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அடிமையொருவர் எழுதினால் அது தோட்டக் கணக்காகத்தான் இருக்கும் என்று எண்ணியவர்கள், 13 பக்கங்களை ஏறத்தாழ 80 ஆண்டுகள் படிக்காமலே வைத்திருந்தனர். உழைக்கும் மக்களின் வரலாற்றை எழுதப்புகும் எவரும் அவர்களைக் கணக்கின் உருப்படிகளாகக் காண்பதற்கு முன், அவர்கள் அறிந்திருந்தது யாது, மனனம் செய்திருந்தது யாது என்று வினவக் கடமைப்பட்டுள்ளனர். அரபு எழுத்தைப் படிக்கத் தெரிந்த நமக்கு அக்கடமை சற்றுக் கூடுதலாகவே உண்டு.